சாரைக் கேட்டுச் சொல்லுங்க

வாசல் படியில் வழுக்கி விழுந்த அன்றுதான் வீட்டுக்கு முன்னால் ஒரு போர்டிகோ போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பி ஏறினேன். முதல் படி ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது படி இல்லை. இடுப்பு தரையில், ஒரு கால் செம்பருத்திச் செடிக்குள், பால் பாக்கெட் மட்டும் பத்திரமாகக் கையில். எலும்பு எதுவும் முறியவில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முடியாமல் கிடக்கவில்லை. யாராவது பார்த்துவிட்டு "ஐயையோ" என்று ஓடி வரட்டும் என்றுதான் கிடந்தேன். எதிரே காலி மனை. பக்கத்து மனையில் கடைக்கால் போட்டதோடு நின்றுபோன வீடு. தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் போனது, திரும்பிப் பார்க்கவில்லை. மழை வலுத்தது. நானே எழுந்து, சேலையைப் பிழிந்துவிட்டு, அதே பாலைக் காய்ச்சிக் காபி குடித்தேன்.

தருமபுரியில், பாப்பாரப்பட்டி ரோட்டில் புதிதாக மனை பிரித்த இடத்தில் இருக்கிறது என் வீடு. அரசு ஆஸ்பத்திரிகளில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். அரூர், பென்னாகரம், கடைசியாகப் பாலக்கோடு என்று மாற்றலாகி மாற்றலாகி, ஓய்வு பெற்றதும் வாங்கிய வீடு. யாரோ கட்டி விற்றது. உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, முன்பக்கத்தை மட்டும் மொட்டையாக விட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் நேராக வானம்தான். வெயிலோ மழையோ, முதலில் என் தலையில் விழுந்துவிட்டுத்தான் தெருவுக்குப் போகும்.

என் கழுத்தில் தாலி இருக்கிறது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. கல்யாணமான நான்காவது வருடம் ஓசூரில் கம்பெனி வேலை என்று போனவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். சண்டை இல்லை, கோர்ட் இல்லை, விவாகரத்தும் இல்லை. வருவது குறைந்தது, பிறகு நின்றது. தாலியைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் கழற்றவில்லை. ஆனால் வேலை பார்த்த ஊரில் எல்லாம் ஆறு மாதத்துக்குள் கதை பரவிவிடும். 'வாழாவெட்டி' என்ற சொல்லை நேராக என் முகத்துக்குச் சொன்னவர்கள் குறைவு. நான் வராந்தாவைத் தாண்டியதும் சொல்வார்கள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இந்தப் புதுத் தெருவில் ஒருவருக்கும் என் கதை தெரியாது. அந்தச் சொல்லை இனி சாகும்வரை கேட்கக் கூடாது என்றுதான், பழகிய பாலக்கோட்டை விட்டுவிட்டு, பழக்கமே இல்லாத இந்த இடத்தில் வீடு பார்த்தேன்.

தை பிறந்ததும் சிமெண்ட் கடைக்காரர் ஒரு கான்ட்ராக்டரை அனுப்பினார். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி பாய் என்பார்கள். நான் பாய் என்று கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும். பாதி நரைத்த தாடி, சட்டைப் பையில் தச்சுப் பென்சில், இடுப்பில் டேப். நான் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து அடி, முன்னால் இரண்டு தூண், பன்னிரண்டு எம்.எம். கம்பி, படிக்குச் சொரசொரப்பான கல். மூன்று மாதமாக அடுத்தவர் வீட்டு வாசல்களை எல்லாம் நின்று நின்று பார்த்துக் கற்றது. வேலை நடக்கும் இடங்களில் கொத்தனார்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. பாய் அந்தக் காகிதத்தை மரியாதையாக வாங்கி, மரியாதையாகப் பார்த்து, மரியாதையாக மடித்துத் திருப்பித் தந்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க மேடம். சார் எப்ப வூட்ல இருப்பாருங்க? வந்து பேசிக்கறேன்."

"அவரு ஓசூர்ல இருக்காரு" என்றேன். இதில் பொய் இல்லை. "எதுவா இருந்தாலும் நான் போன்ல கேட்டுச் சொல்றேன்." இது பொய்.

"அப்பச் சரிங்க. இந்தக் கம்பி விஷயத்தை மட்டும் சாரைக் கேட்டுச் சொல்லுங்க. பத்து எம்.எம்.மே தாராளமாப் போதும்ங்க."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி இருபது வரை எண்ணினேன். வெளியே வந்து, "சார் பன்னெண்டுதான் போடணும்ங்கறாரு" என்றேன்.

"அப்படிங்களா? சார் சொன்னாச் சரிங்க." டேப்பை உருவி அளக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தில் நான் எழுதியிருந்ததும் அதே பன்னிரண்டுதான். அதை இந்தக் கையால் எழுதியபோது பத்து போதும் என்றவர், சார் வாயிலிருந்து வந்ததும் தலையாட்டிவிட்டார். போய்த் தொலையட்டும், வேலை நடந்தால் சரி என்று விட்டுவிட்டேன். அப்போதே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் தூணுக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்தார்கள். மண் இளக்கமாக இருந்தது. எத்தனை அடி தோண்டுவது என்று பாய் கேட்டார், என்னை அல்ல. "சாரைக் கேட்டுச் சொல்லுங்க மேடம்." அதற்கடுத்த நாள், தூண் சதுரமாகவா, உருண்டையாகவா? "சாரைக் கேட்டுச் சொல்லுங்க." அதற்கும் அடுத்த நாள், சன்ஷேடு எவ்வளவு வெளியே நீட்டுவது? ஒரு தடவை, "சார் நம்பரைக் குடுங்க, நானே பேசிக்கறேன்" என்றார். "டியூட்டியில புது நம்பர் எதையும் எடுக்கமாட்டாரு" என்று சமாளித்தேன். பொய் சொல்வதில் எனக்கு இத்தனை கைத்திறன் இருக்கிறது என்று அதுவரை தெரியாது.

சமையலறை ஜன்னல் வாசல் பக்கம் பார்த்தபடி இருக்கும். போனோடு உள்ளே போனவளிடமிருந்து சத்தமே வராவிட்டால் சந்தேகம் வருமே என்று, குழி தோண்டிய அன்றிலிருந்தே வாய்விட்டுப் பேசத் தொடங்கினேன்.

"ஆமாங்க… இல்லங்க, மண்ணு இளக்கமா இருக்குதாம்… நாலடி தோண்டச் சொல்லட்டுங்களா?… சரிங்க, சொல்லிடறேன். சாப்ட்டீங்களா?"

அந்தச் 'சாப்ட்டீங்களா' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் எழுதித் தரவில்லை, குழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாளில் நான் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்க்காரரிடம் நாலு, பால்காரரிடம் ரெண்டு. என் குரல் என் வீட்டுக்குள்ளேயே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

சார் நாளுக்கு நாள் கறாரான ஆளாகிக்கொண்டே வந்தார். எம்-சாண்டைச் சலித்துப் போடச் சொன்னார். சிமெண்ட் மூட்டையில் தேதி பார்க்கச் சொன்னார். ஒரு நாள் காலை, இடப்பக்கத் தூண் லேசாகச் சாய்ந்திருப்பதுபோல் எனக்குப் பட்டது. உள்ளே போனேன், பேசினேன், வந்தேன். "சார் அந்தத் தூணுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாக்கச் சொல்றாரு பாய்." நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். விரல் கனத்துக்குச் சாய்வு இருந்தது. பாய் அசந்துபோனார்.

"ஓசூர்ல உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சுட்டாரே! போட்டோ அனுப்பினீங்களா மேடம்?"

"ஆமா."

"சார் இன்ஜினியருங்களா?"

"அந்த மாதிரிதான்."

"விவரமான ஆளுங்க. இப்படி ஒருத்தர் வூட்ல இருந்தா எங்களுக்கும் வேலை சுத்தமா வரும்."

ஒரு ஆளின் மேல் இத்தனை பொறாமை எனக்கு வந்ததே இல்லை. கண் என்னுடையது, மூளை என்னுடையது, பேர் மட்டும் அவருக்கு. அன்றைக்கு மத்தியானம் சாரோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சமாதானமாகிவிட்டது.

பாய்க்குத் தினமும் பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும். உருதுவில் பேசுவார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் என்ன பேசுகிறார்கள் என்பது தெரியும். வெண்டைக்காய், கேஸ் சிலிண்டர், பேத்திக்குச் சளி. குரலே அப்படித்தான் இருக்கும். அந்தப் போன் வரும்போது நான் காரணமில்லாமல் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கேயே நிற்பேன். கலவை சுமக்க வந்த ஒரு அம்மா, என் வயதை ஒட்டியவர், ஒரு நாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "உங்க வூட்டுக்காரரு ஒரு நாளைக்கு எத்தனை தடவ போன் பேசறாரு! குடுத்து வச்சவங்க நீங்க. எங்காளு பக்கத்துல உக்காந்தாலும் வாயத் தொறக்கமாட்டான்."

நான் சிரித்தேன். சிரிப்பு நன்றாக வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உழவர் சந்தையில் ஒரு நாள் கத்தரிக்காய் வாங்கக் குனிந்தவள், அவருக்குப் பிடிக்காதே என்று நினைத்து எடுக்காமல் நிமிர்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான் உறைத்தது. ஓசூர்க்காரருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர், வாரத்தில் மூன்று நாள் செய்யச் சொல்வார். பிடிக்காமல் போனது இந்தச் சாருக்குத்தான். ஒரு ஆளை நானே உண்டாக்கி, அவருக்கு ஒரு நாக்கையும் கொடுத்திருக்கிறேன். திரும்பிப் போய்க் கத்தரிக்காய் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

சிக்கல் வாட்டத்தில் வந்தது.

கூரையில் விழும் மழைத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓட வேண்டும் என்பதற்காகத் தளத்தை லேசாகச் சரித்துப் பூசுவார்கள். அந்தச் சரிவுக்குத்தான் கட்டட வேலையில் வாட்டம் என்று பெயர். "வாட்டம் இல்லாட்டித் தண்ணி நின்னு நின்னு கட்டடத்தையே தின்னுடும்ங்க" என்றார் பாய். முகத்தில் இருந்தால் எல்லாரும் ஏன் என்று கேட்பது, கூரையில் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பது. ஒரே வார்த்தை. தண்ணீர் எந்த மூலையில் இறங்க வேண்டுமோ அந்த மூலையில் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பே குழாயைப் பதித்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

"ஈசானி மூலையில விட்டுடலாம்ங்க, வடகிழக்கு. அதுதான் உங்க முறை" என்றார்.

வடகிழக்கில்தான் என் படி இருக்கிறது. அங்கே தண்ணீர் விழுந்தால் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் நான் மறுபடியும் விழுவேன், மறுபடியும் யாரும் வரமாட்டார்கள். தென்கிழக்கில் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. அங்கே விட்டால் படியும் காயும், செடியும் பிழைக்கும். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "சார் தென்கிழக்குல விடச் சொல்றாரு" என்றேன்.

இதுவரை சார் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாத பாய் பென்சிலைக் காதில் செருகினார். "அக்னி மூலையிலயாங்க? நெருப்பு மூலையில தண்ணி விட்டா வூட்டு எசமானருக்கு ஆகாதும்பாங்க. சார் தெரிஞ்சுதான் சொல்றாருங்களா?"

"பாய், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"நம்பிக்கை உங்களுது, வேலை என்னுதுங்க மேடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, 'பாயி அக்னி மூலையில தண்ணிய விட்டான்'னு என்னைத்தானே சொல்லுவாங்க? சார் நேர்ல வந்து சொல்லட்டும், செஞ்சுடறேன்." பிறகு ஞாபகம் வந்தவராக, "எப்படியும் புதன்கிழமை காங்கிரீட்டு அன்னிக்கு சார் வந்துதானே ஆவணும்? முதச் சட்டிக் கலவைய வூட்டுக்காரங்க ஜோடியாத்தான் போடணும். சார் ஒரு சட்டி, நீங்க ஒரு சட்டி" என்றார். கற்பூரம், எலுமிச்சம்பழம், பூ, வெற்றிலை பாக்கு என்று வாங்க வேண்டியதை எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். இருபத்தைந்து வருடமாக இந்த ஊர் வீடுகளுக்குக் கூரை போட்டு எங்கள் சடங்கு எனக்கே தெரியாத அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

"புதன்கிழமை அவருக்கு லீவு கிடைக்காது பாய்."

"அதனால என்னங்க? ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சுக்கலாம். சாருக்கு இல்லாத நாளா?" என்றார். எனக்காக அல்ல, சாருக்காக, மிக்ஸர் மெஷின்காரரிடமும் எட்டு ஆட்களிடமும் பேசி நாளை மாற்றினார். நல்ல மனிதர்களிடம் பொய் சொன்னால் வரும் கஷ்டம் இது. அவர்கள் அந்தப் பொய்க்கும் உபசாரம் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஜல்லி, மணல், மெஷின், ஆட்கள் என்று வாசல் நிறைந்துவிட்டது. சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டித் தயாராக இருந்தது. ஏணியடியில் ஒரு முக்காலியில் பூவும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். இரண்டு புதுச் சட்டிகளுக்குப் பாய் தன் கையாலேயே மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார் பஸ் ஏறிட்டாருங்களா? தொப்பூர் பக்கம் லாரி கவுந்து டிராபிக்குன்னாங்க, ஓசூர்லேருந்து வர்றவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல" என்றார்.

"கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனேன்.

சமையலறையில் போனைக் காதில் வைத்தேன். வார்த்தை வரவில்லை. இத்தனை நாள் தடையில்லாமல் பேசிய வாய் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் இந்தத் தடவை எனக்கு உண்மையிலேயே ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் என்ன செய்யட்டும் என்று. வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும் என்று.

என் போனில் 'ஓசூர்' என்று ஊர்ப் பெயரில் ஒரு எண் இருந்தது. பென்ஷன் காகிதத்தில் கணவர் விவரம் எழுத வேண்டிய இடத்துக்காக அவருடைய தங்கையிடம் கேட்டு வாங்கியது. அதுவரை ஒருமுறைகூட அழைத்ததில்லை. அன்றைக்கு அழுத்தினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது மணியில் எடுத்தார். "அலோ, யாருங்க?" குரலில் வயசாகியிருந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டது.

"தருமபுரியிலேருந்து பேசறேங்க" என்றேன். "போர்டிகோவுக்குக் காங்கிரீட் போடறோம். தண்ணி வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கறதுன்னு…"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. குழந்தை மறுபடி கூப்பிட்டது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "ராங் நம்பருங்க. பாத்துப் போடுங்க."

என் குரலை அடையாளம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கூட வாழ்ந்த நான்கு வருடமும் வா, போ, என்னடி என்றுதான் பேசுவார். அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் மரியாதை அந்த 'ங்க' தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மிக்ஸர் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஜல்லி உருளும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் கேட்காது.

"சார் வரமாட்டாரு பாய்" என்றேன்.

பாய் காதுக்கு அருகில் கையை வைத்தார். "என்னங்க?"

"சாருன்னு யாரும் இல்ல! இந்த வூட்ல நான் மட்டுந்தான் இருக்கேன்!"

அப்போதும் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் நானாகச் சொல்லாததை நடு வாசலில் நின்று இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். "நான் பேசுன போன்ல யாரும் இல்ல! அவரு என்னை விட்டுட்டுப் போயி முப்பது வருசம் ஆச்சு!"

பாய் கையைக் காட்டினார். மெஷினை நிறுத்தினார்கள். எட்டு ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வரப்போகிறது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்குக் குடுத்து வச்சவங்க என்று சொன்ன அம்மா தலைச் சும்மாட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி சுருட்டி வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை.

"அப்பப் பன்னெண்டு எம்.எம். கம்பி?" என்றார் பாய்.

"நான் சொன்னது."

"நாலடிக் குழி?"

"நான்தான்."

"தூண் சாஞ்சது?"

"நான்தான் பாத்தேன்."

தாடியைத் தடவிக்கொண்டார். "அக்னி மூலை?"

"அதுவும் நான்தான் பாய். எனக்கு ஆகக்கூடாதது எல்லாம் ஆகி முடிஞ்சுபோச்சு. இனிமே ஒரு குழாய் வந்தா என்னைக் கெடுக்கப் போவுது? அங்கயே விடுங்க. அந்தப் படியில நான் இன்னொரு வாட்டி விழ முடியாது."

பாய் குழாயைத் தானே எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, தென்கிழக்கு மூலையில் வைத்துக் கம்பியோடு கட்டி, இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். கற்பூரத்தை நான் ஏற்றினேன். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். நான் நாலு படி ஏறி, கீழேயிருந்து கைமாறி வந்த சட்டியை வாங்கிக் கம்பியின் மேல் கவிழ்த்தேன். இறங்கக் கால் வைத்தபோது, "இருங்கக்கா" என்றார். மேடமாக இருந்தவள் எப்போது அக்கா ஆனேன் என்று நான் கவனிக்கவில்லை. "இன்னொரு சட்டி இருக்குது. ஜோடிக்கு ரெண்டு சட்டி. சார் வேலையெல்லாம் நீங்கதானே பாத்தீங்க, அவரு சட்டியையும் நீங்களே போடுங்க."

இரண்டாவது சட்டி முதல் சட்டியைவிடக் கனமாக இருந்தது. ஏணியின் மேல் நின்றபடி அழுதேன். சிமெண்ட் தூசி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. பாய் எதுவானாலும் என்னையே கேட்டார். டைல்ஸ் என்ன கலர்க்கா, தூணுக்கு என்ன பெயிண்ட்டுக்கா, சுவிட்ச் எங்கே வைக்கட்டும்க்கா? நான் நின்ற இடத்திலேயே பதில் சொன்னேன். ஒரு விஷயத்துக்கும் உள்ளே போய்வர வேண்டியிருக்கவில்லை. பெருமையாக இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் இருக்கவும் செய்தது. ஆனால் காங்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தின் மேல் பாத்தி கட்டிக் காலையும் மாலையும் தண்ணீர் விட்ட அந்த நாட்களில், ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சமையலறைப் பக்கம் பார்க்கவே பிடிக்காது. ஓசூர்க்காரர் போனபோதுகூட எனக்கு வீடு இவ்வளவு காலியாகத் தெரியவில்லை. அவர் தானாகப் போனார். இவரை என் வாயாலேயே நான் இல்லாமல் ஆக்கினேன். பங்குனி முதல் வாரத்தில் வேலை முடிந்தது. பாய் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "ஏதாச்சும்னா ஒரு போன் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடை மழை கொட்டியது. கதவைத் திறந்து போர்டிகோவுக்கு வந்து நின்றேன். தலையில் ஒரு துளி விழவில்லை. படி காய்ந்து கிடந்தது. தென்கிழக்கு மூலையில் குழாய் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கிக் கறிவேப்பிலைச் செடியின் காலில் விழுந்தது. மேலே எங்கும் ஒரு கையளவு தண்ணீர்கூடத் தேங்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாய்க்குச் சொல்லலாம், ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். ஓசூர் எண்ணை அந்த ஞாயிற்றுக்கிழமையே அழித்துவிட்டேன். எதிரே காலி மனை, பக்கத்தில் அதே கடைக்கால். தெருவில் ஒருவரும் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். வாசலில் நின்று ஒட்டுக் கேட்க ஒரு ஆளும் இல்லை, நம்ப வைக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. இருந்தும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"இங்க நல்ல மழைங்க" என்றேன். "ஒரு சொட்டு நிக்கல. வாட்டம் சரியா இருக்குதுங்க… சாப்ட்டீங்களா?"